நாலாவது இடத்துக்கு அடிதடி

மின்னலக்காவை முதன்முதலில் 'சார்' என்று கூப்பிட்டது இன்டர்நெட் கம்பெனியிலிருந்து போன் பண்ணிய பெண். "உங்க ப்ளானை மாத்திக்கிறீங்களா சார்?" என்று அவள் கேட்டபோது, லைன் சரியில்லை போலிருக்கிறது என்று மின்னலக்கா விட்டுவிட்டாள். அடுத்தது கூரியர்காரர். கதவுக்கு உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டதற்கு, "பார்சல் சார்" என்றார். கதவு திறந்ததும் பார்சலைக் கையில் திணித்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கிவிட்டார்.

மூன்றாவது முறைதான் உறைத்தது. அவள் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். காதில் மாட்டுகிற காம்பைச் சூடு காட்டி வளைத்து, வந்தவரின் முகத்துக்குப் பொருத்திக் கொடுக்கவேண்டும். அன்றைக்கு ஒரு பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண் எதுவும் தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். "எந்தப் பக்கம் அழுத்துது?" என்று கேட்டாள்.

"இடது காதுக்குப் பின்னாடி சார். நேத்து இங்க ஒரு பொண்ணு இருந்துச்சே, அது சரியாப் பண்ணலை."

நேற்று இருந்த பொண்ணும் அவள்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்த பெரியவர், கண்ணாடியில்தான் கோளாறு என்று மறுபடி கழற்றித் துடைத்தார்.

மின்னலக்கா என்பது ரசிகர்கள் வைத்த பெயர். முப்பத்தெட்டு வயதில் ஓட ஆரம்பித்தவள், போனைக் குச்சியில் மாட்டிப் பிடித்துக்கொண்டு, ஓடியபடியே வாய் ஓயாமல் பேசி வீடியோ போட்டாள். பெயர் வைத்தவர்கள் அவள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து வைக்கவில்லை, பேசுகிற வேகத்தைப் பார்த்து வைத்தார்கள். மூன்று வருஷத்தில் இரண்டு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே வசனம்: "என் உடம்புல வேர்வையைத் தவிர வேற எதுவும் கிடையாது!"

போன வருஷம் வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் கோச் வந்தார். அந்த ஊரில் ஓடிக்கொண்டே வீடியோ போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கோச். முதல் நாளே வெள்ளை டப்பா ஒன்றைக் கொடுத்தார். மேலே ஒரு எழுத்து கிடையாது. ஓடிய களைப்பு சீக்கிரம் தீர்வதற்கு என்றார்.

"கோச், இது ஊக்க மருந்தா?"

"ஊக்கமே ஒரு மருந்துதானே மேடம்?"

அதற்குமேல் மின்னலக்கா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். பத்து கிலோமீட்டரை ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் ஓடிக்கொண்டிருந்தவள், ஐந்தே மாதத்தில் நாற்பத்து நான்குக்கு வந்துவிட்டாள். கூடவே நாற்பத்தோரு வயதில் முகப்பரு வந்தது. முகவாயில் இரண்டு முடி முளைத்தது. தொட்டதற்கெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குரல் மட்டும் படிப்படியாக இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. சளி, ஏசி, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாரத்துக்கொரு காரணம் சொன்னாள். ரசிகர்களோ, "அக்கா வாய்ஸ் செம கம்பீரம்" என்று இதயமாகக் கொட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போய்வந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவக் குளியலறைக்குள் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அவருடைய போன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றாள்.

"கண்ணு, அவ பக்கத்துல இருக்காளாடா?"

மாமியார். வேறு ஊரில் இருக்கிற மகள் வீட்டில் இருந்தார். 'அத்தை, நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தவளை, 'அவ' என்ற சொல் நிறுத்திவிட்டது. தன்னைப் பற்றி மாமியார் மகனிடம் என்ன சொல்கிறார் என்று கேட்கக் கிடைத்த வாய்ப்பை எந்த மருமகள் விடுவாள்?

"இல்ல" என்றாள், இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"நல்லதாப் போச்சு. உன் பொண்டாட்டி வீடியோவை ஒண்ணு விடாம பாக்கறேன்டா. அவகிட்ட சொல்லித் தொலைச்சிடாத, தலைக்கனம் ஏறிடும்."

"ம்."

"அவ ஓடறதைப் பாத்துத்தான் நானும் காலையில நடக்கறேன். முட்டி வலியோட நாலு சுத்து சுத்தறேன்னா பாத்துக்கோ. ஒரு பய, அவ ஊசி போட்டுக்கிட்டு ஓடறான்னு கீழ எழுதியிருந்தான். விட்டேனா? 'நான் என் கண்ணால பாத்திருக்கேன், அவ உடம்புல வேர்வையைத் தவிர ஒண்ணும் கிடையாது'ன்னு எழுதினேன். மறுபடி எழுதினான். நானும் எழுதினேன். ராத்திரி சாப்பாடு வரைக்கும் சண்டை. கடைசியில ஓடியே போயிட்டான்."

மின்னலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடியோக்களுக்குக் கீழே 'உண்மைவிளம்பி' என்ற பெயரில் அவளுக்காக ஊரோடு மல்லுக்கு நிற்கிற அந்த ஆள், மீசை வைத்த ஓய்வுபெற்ற வாத்தியாராக இருக்கும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இன்னொண்ணு கேளு. வீட்டுல எடுக்கற வீடியோவுல அவ பின்னாடி அலமாரியில ஒரு வெள்ளை டப்பா தெரியுதே, களைப்புக்குன்னு ஒரு தடவை சொன்னாளே. அது முட்டிக்கும் கேக்கும்போல. எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்புடா."

"வேணாம்."

"ஏன்டா?"

"வேணாம்னா வேணாம்மா. அது உனக்கு ஆகாது. யாருக்குமே ஆகாது. தொடாத."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மாமியாரை அவள் 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சரி சரி, எதுக்கு இந்தக் கத்து கத்தறே? அவளைக் கட்டின நாள்லேர்ந்து நீயும் சிடுசிடுன்னு ஆயிட்டே" என்று மாமியார் போனை வைத்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"அதானா? ரெண்டு மாசமா என் ரேசரை யாரோ எடுக்கறாங்களேன்னு பாத்தேன். வீட்டுல இருக்கறதே நம்ம ரெண்டு பேரு."

"திட்டுங்களேன்."

"திட்டினா நீ அடிச்சிடுவியோன்னு பயமா இருக்கும்மா. முதல்ல அதைக் கொட்டு."

டப்பாவைக் கழிப்பறையில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு பத்து கிலோமீட்டர் பந்தயம் இருந்தது. ஷூ கம்பெனி அவள் முகத்தைப் பெரிய பேனராக அடித்து, பந்தயம் தொடங்குகிற இடத்திலேயே கட்டியிருந்தது. பேனரில் சிரித்துக்கொண்டு, நேரில் வயிற்றுவலி என்றால் நன்றாக இருக்காது. போனாள்.

ஒன்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் பெண்களில் முதலில் போய்க்கொண்டிருந்தவர்கள் நாலு பேர். மின்னலக்கா, புரத மாவு விற்கிற புரோட்டீன் ராணி, தினமும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் வீடியோ போடுகிற ஏழுமணி, எவ்வளவு வேகமாக ஓடினாலும் பல் தெரியச் சிரிக்கிற பல் டாக்டர். நாலு பேருக்கும் லட்சக்கணக்கில் ரசிகர்கள். நாலு பேருக்கும் ஒரே கோச். அந்த நேரத்தில் மின்னலக்காவின் கைக்கடிகாரம் விர்ரென்று அதிர்ந்தது.

"டெஸ்ட் எடுக்க டென்ட் போட்டிருக்காங்க. முதல் மூணு பேருக்கு மட்டும். நாலாவதா வாங்க. பயம் வேண்டாம். – கோச்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். மற்ற மூன்று பேரும் அப்போதுதான் தங்கள் கைக்கடிகாரத்திலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரத்துக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு புரோட்டீன் ராணிக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. தண்ணீர் வைத்திருந்த மேஜையருகே நின்று மூன்று டம்ளர் குடித்து, ஊற்றிக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் ஊர் பேர் விசாரித்தாள். ஏழுமணி குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். பல் டாக்டருக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஐயோ என்று நொண்டியவள், பத்தடி தள்ளி வலது காலை நொண்டினாள். மின்னலக்கா இடுப்பில் கைவைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக வானத்தை ரசித்தாள்.

பின்னாலிருந்து இரண்டு பேர் வந்து அவர்களைத் தாண்டினார்கள். முன்னால் வந்தவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவள். சலவைக்கூடத்தின் பெயர் போட்ட தொளதொள பனியனோடு ஓடினாள். பின்னால் வந்தவள் பள்ளிக்கூட பஸ் டிரைவர். "என்னாச்சுக்கா, அடிபட்டுச்சா?" என்று சலவைக்காரி ஓடிக்கொண்டே அக்கறையாகக் கேட்டாள். "இல்லம்மா, நீ போ, நீ போ!" என்று நாலு பேரும் ஒரே குரலில் விரட்டினார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இன்னும் ஒரே ஒருத்தி தாண்டிப் போனால் போதும். மூன்று இடமும் நிரம்பிவிடும். ஆனால் அடுத்த பெண் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

எவ்வளவு மெதுவாக நடந்தாலும் ரோடு ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? கடைசியில் நாலு பேரும் முடிவுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

"நீங்க போங்கக்கா" என்றாள் ஏழுமணி.

"சேச்சே, பெரியவங்க டாக்டர் இருக்காங்க. டாக்டர், நீங்க."

"எனக்குக் கால் வலிம்மா. ராணி போகட்டும்."

"நான் போனா மரியாதையா இருக்காது" என்று புரோட்டீன் ராணி ஒரு அடி பின்னால் வைத்தாள். உடனே மற்றவர்களும் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். ஒருவர் இடுப்பில் இன்னொருவர் கைவைத்து, வெளிப்பார்வைக்குத் தெரியாமல் முன்னால் தள்ளினார்கள். ஏழுமணியின் நகம் மின்னலக்காவின் முழங்கையில் பதிந்தது.

மைக் பிடித்தவர் உருகிவிட்டார். "பாருங்க மக்களே! பதக்கத்தை ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்கறாங்க! எப்பேர்ப்பட்ட மனசு!" கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்த அந்த அம்மாளுக்கு மாமியார் வயதுதான் இருக்கும். மின்னலக்காவுக்கு முகம் சுட்டது. இந்த அம்மாளும் வீட்டுக்குப் போய் யாரோடாவது இவர்களுக்காகச் சண்டை போடுவாள். அவமானம் வந்தது; அதன் பின்னாலேயே ஐந்து மாதமாகப் பழகிப்போன கோபமும் வந்தது.

"சீ, விடுங்கடி!"

அந்தக் கட்டைக்குரலில் மைக்காரரே வாயை மூடிக்கொண்டார். கைகளை உதறிவிட்டு, இரண்டடி வைத்து, கோட்டைத் தாண்டினாள். மூன்றாவது இடம். பின்னால் மற்ற மூன்று பேரும் நாலாவது இடத்துக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். கடைசியில் நாலாவதாக வந்தது, கால் வலியிருந்த பல் டாக்டர்.

டென்ட்டுக்குள் இருந்த அதிகாரி அம்மா ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்து, கூடவே கழிப்பறை வரைக்கும் வந்து, கண்ணை எடுக்காமல் நின்றாள். பிறகு படிவத்தை நீட்டினாள்.

"கடைசியா எடுத்துக்கிட்ட மருந்து ஏதாவது இருந்தா எழுதுங்க."

"பேர் தெரியாது. வெள்ளை டப்பா. அஞ்சு மாசம். போன ஞாயித்துக்கிழமை நிறுத்திட்டேன்."

அதிகாரி அம்மா பேனாவை மேஜைமேல் வைத்தாள். "பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இருமல் மருந்துக்கு மேல யாரும் எழுதினதில்ல. கொஞ்சம் இருங்க, இதுல அதுக்கு இடம் பத்தாது."

பக்கத்து நாற்காலியில் சலவைக்காரி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். கப்பை நிரப்ப அவளுக்கு இன்னும் வரவில்லை. "நெஜமாவே நான் ஃபர்ஸ்ட்டாக்கா? எல்லாரும் நின்னுட்டீங்களே, வழி தப்பா வந்துட்டேனோன்னு பயந்துட்டேன்."

"வழியெல்லாம் சரிதான்மா. தப்பு நாங்கதான்."

சாயங்காலம் மாமியாருக்குப் போன் போட்டாள். டப்பாவைப் பற்றிச் சொன்னாள். போன ஞாயிறு பேசியது மகன் இல்லை என்பதையும் சொன்னாள். எந்தச் செய்தி அதிகம் சுட்டதோ தெரியாது. மறுமுனையில் லைன் துண்டானது.

அடுத்த நாள், மேக்கப் இல்லாமல், முகவாய் முடியையும் எடுக்காமல், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். என்ன சாப்பிட்டாள், யார் கொடுத்தார்கள், கேட்காமல் இருந்ததுதான் தன் தப்பு என்று எல்லாமும் சொன்னாள். குரலைப் பற்றியும் சொன்னாள். டப்பாவைக் கொட்டிய வாரம் போய்ப் பார்த்த டாக்டர், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது இனி பழையபடி ஆகாது என்று சொல்லியிருந்தார். வசவு கொட்டியது. காறித் துப்பினார்கள், கேலி பண்ணினார்கள், கடவுளிடம் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அந்தக் கூட்டத்துக்கு நடுவே உண்மைவிளம்பி எழுதியிருந்தார்: "இவளைத் திட்டுற உரிமை எனக்கு மட்டும்தான். மத்தவங்க அவங்கவங்க வேலையைப் பாருங்க."

அந்த உரிமையை அடுத்த ஞாயிறு போனில் முக்கால் மணி நேரம் பயன்படுத்தினார். மின்னலக்கா 'ம்' கொட்டிக் கேட்டாள். கடைசியில், "முட்டிக்கு டாக்டர்கிட்ட போறேன். நீயும் கூட வா. எனக்குக் கேக்கத் தெரியாதது ஏதாவது இருந்தா நீ கேளு" என்றார்.

முடிவு வர ஆறு வாரம் ஆனது. நாலு வருஷத் தடை. தானாக ஒப்புக்கொண்டதால் ஒன்று குறைத்து மூன்று. ஷூ கம்பெனி பேனரைச் சுருட்டிக்கொண்டது. கோச் கணக்கை மூடிவிட்டு மாயமானார். ஏழுமணி ஒரு வாரம் வீடியோ போடவில்லை. பிறகு யோகா கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். சலவைக்காரிக்குப் பதக்கம் உறுதியானது.

பந்தயத்துக்குத்தானே தடை, ரோட்டுக்கு இல்லையே என்று இரண்டு மாதம் கழித்து ஒரு காலை மின்னலக்கா கிளம்பினாள். போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள். முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது; கால்கள் யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி இருந்தன. பூங்கா மதில் ஓரமாக, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடிவந்த ஒருவர் அவளைத் தாண்டினார். வண்டிக்குள்ளிருந்த குழந்தை எட்டிப் பார்த்து நாக்கைத் துருத்தியது.

"ஏய், நில்லு!" என்று கத்திக்கொண்டு மின்னலக்கா துரத்தினாள். சிக்னல் வரைக்கும் துரத்தினாள். பிடிக்க முடியவில்லை.