நிறுத்தும் விசை

சலவை இயந்திரம் மக்கர் செய்தால் ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதுவார்கள். அதற்கெல்லாம் பணிவாகப் பதில் எழுத அந்த அலுவலகத்தில் இரண்டு பேர். மூத்தவள் எல்லோருக்கும் அக்கா. இளையவளுக்குக் ‘குறுக்குவழி’ என்று பட்டப்பெயர். அவள் ‘மன்’ என்று தட்டினால் மன்னிப்புக் கடிதம் முழுசாக வந்து விழும். தெரியாமல் மூடிய பக்கம் மூன்று விசையில் திரும்பி வரும். விளம்பரங்கள் அவள் பிரவுசரில் தலைகாட்டாது.

அத்தனையையும் அக்காவின் கணினியிலும் போட்டுக் கொடுத்தாள், அதுவும் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து. அக்காவுக்குக் கண் எரிகிறது என்றதும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் ஒன்றையும் தேடிப் பிடித்தாள். கூடப் பிறந்தவளுக்குக்கூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலைக்கு ஒருவர் போதும், மற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொன்ன அன்று, அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அவரிடம் பேசக் கூடாது என்று சொன்னதும் அக்காதான். அவள் முழுசாக நம்பினாள்.

இன்று காலையிலிருந்து அக்காவுக்கு ஒரே புலம்பல், வாசிக்கும் குரல் வரவே இல்லையாம். அக்கா டீ எடுக்கப் போனதும், வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று இவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இயர்போன்தான் கோளாறு. அதைப் பிடுங்கிவிட்டு, வாசிக்கும் விசையை அழுத்திப் பார்த்தாள். அறை முழுக்கக் கேட்டது.

“மேனேஜர் அவர்களுக்கு. சுருக்கமாகத் தட்டினால் பதில் வரும் ஏற்பாடு, விளம்பரத் தடுப்பு, எல்லாம் நானே கண்டுபிடித்து இங்கே கொண்டுவந்தவை. உடன் இருக்கும் பெண்ணுக்கு இன்னும் கை பழகவில்லை.”

பக்கத்துக் கணக்குப் பிரிவில் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். அவள் திரையில் அந்த வரியைத் தேடிப் படித்தாள். அடிப்பாவி, போட்டுக் கொடுத்த கையையா பழகாத கை என்கிறாய்? வாசலில் அக்கா நின்றாள். இரண்டு கையிலும் டீ. ஒன்று இவளுக்கு.

“அவரை அனுப்பிவிட்டாலும் வேலை நிற்காது. ஒருவேளை நீங்கள்” என்று குரல் ஏற்ற இறக்கமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அக்கா டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கண்ட விசையையெல்லாம் தட்டினாள். குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது, இந்தத் தடவை இன்னும் சத்தமாக. வாசிக்க வைக்கும் விசையை மட்டும்தான் இவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். நிறுத்துவதை இன்னொரு நாள் காட்டுவதாக இருந்தது.

“இத எப்படிடி நிறுத்துறது?” அக்கா தட்டிக்கொண்டே கேட்டாள். “சொல்லுடி.”

அவள் எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் தள்ளிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னாள்.

“நீங்க கண்டுபிடிச்சதுதானேக்கா. நீங்களே நிறுத்துங்க.”