கதிரையோடு விலைபோன லூர்த்தம்மா

1992ஆம் ஆண்டு ஆனி மாதம் குருநகரில் நடந்த ஓர் ஏலத்தில் கடைசியாகக் கூறி விற்கப்பட்டவை, டென்மார்க்கில் செய்த ஒரு தேக்குக் கதிரையும் அதில் எட்டு வருடமாக இருந்துகொண்டிருந்த, இறந்துபோன லூர்த்தம்மாவும். அவரைத் தனியே எழுப்ப யாராலும் முடியாதிருந்தபடியால் இரண்டும் ஒன்றாகவே போயின.

கதிரையின் சொந்தக்காரர் லூர்த்தம்மாவின் கணவர் செபநாயகம். இருபத்துமூன்று வருடம் சரக்குக் கப்பல்களின் குசினியில் சமையல்காரராக இருந்தவர். மற்றவர்கள் துறைமுகங்களில் சீலையும் சென்ட்டும் வாங்க, அவர் ஒரு ஒழுங்குமில்லாமல் கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கினார். வெனிசில் ஊதிய நீலக் கண்ணாடிச் சாடி, இலக்கங்களே இல்லாத ஹம்பேர்க் சுவர்க்கடிகாரம், ஒசாகாவின் அரக்குப் பெட்டி, மார்செயில் சவர்க்காரக் கடையொன்றின் வாசலில் தொங்கிய விளம்பரத் தகடு, பிராக் நகரத்தில் செய்து துறைமுகக் கடைக்கு வந்த கோப்பிக் கோப்பைகள் என்று வந்து சேர்ந்தன. கொழும்பில் ஒரு சிநேகிதர் வீட்டில் வைத்திருந்த பாதிச் சாமான் 1983 ஆடிக் கலவரத்தில் அந்த வீட்டோடு எரிந்தது. மீதி குருநகரில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில், இரண்டறை வீட்டில் சுவர் தெரியாமல் நிறைந்திருந்தது. லூர்த்தம்மா சனிக்கிழமைதோறும் அவற்றைத் துடைப்பாரே தவிர ஒன்றையும் பாவித்ததில்லை. "உதுகள் வேறை ஆக்களுக்கெண்டு செய்த சாமான்கள்" என்று சொல்லிவிட்டு, பலகைக்கட்டையில் இருந்து மீன் வெட்டுவார்.

1984 மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் அவர் இறந்தார். சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தபோது, அடக்கம் செய்த அதே மஞ்சள் சீலையுடன், உயிரோடிருக்கையில் ஒருநாளும் இருந்திராத டென்மார்க் கதிரையில் அவர் இருந்தார். பங்குத்தந்தை வந்து பார்த்தார். கையைத் தொட்டார், அது குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை. ஒரு செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். லூர்த்தம்மா கதைக்கவில்லை, சாப்பிடவில்லை. கண்கள் மட்டும் ஆட்களோடு நகர்ந்தன. அப்போது பதினொரு வயதாயிருந்த மகள் ஸ்ரெல்லா தாயின் காலடியில் இருந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அயலவர்கள் ஒரு மாதம் வந்து பார்த்தார்கள், பிறகு அலுத்துவிட்டார்கள். ஷெல் விழத் தொடங்கிய பிறகு வேறு யோசனைகள் இருந்தன.

ஸ்ரெல்லாவுக்குப் பத்தொன்பது வயதானபோது படியேறினால் மூச்சு வாங்கியது, உதடு நீலமானது. இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, கொழும்பில்தான் வெட்டலாம், அதுவும் இந்த வருடத்துக்குள் என்று டொக்டர் சொன்னார். செபநாயகம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த நாள் ஏல அறிவித்தலை எழுதிக் கோயில் மதிலில் ஒட்டினார்.

"அம்மாவையும் விக்கப்போறியளோ அப்பா?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

"கதிரையைத்தான் விக்கிறன் பிள்ளை. விலை கூறேக்கை கொம்மா எழும்பிவிடுவா. அவவுக்கு ரோசம் கூட."

கரையில் மீன் கூறி விற்கும் சூசைதாசன்தான் ஏலத்தையும் கூறினார். வேறு வழி தெரியாததால் நீலச் சாடியையும் பாரைமீனைப் போலத் தூக்கிப் பிடித்து, "நிறத்தைப் பாருங்கோ, விடிய வந்தது" என்றார். மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெய் மருந்தைப் போல அளந்து விற்கப்பட்டது. வாங்க வந்தவர்கள் அழகுக்கு வரவில்லை. நீலச் சாடி, அடியை வெட்டி விளக்குச் சிமினியாக்கப் போனது. விளம்பரத் தகட்டை ஒருவர் பதுங்குகுழிக்கு மூடியாக வாங்கினார். கோப்பிக் கோப்பைகள் தேத்தண்ணிக் கடைக்குப் போயின. அரக்குப் பெட்டியை ஒரு தாய் வாங்கினாள், திரும்பிவராத மகனின், வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சட்டையை வைப்பதற்கு. ஒவ்வொரு பொருளும் வாசலைத் தாண்டும்போது செபநாயகம் அதை வாங்கிய துறைமுகத்தின் பெயரை மெதுவாகச் சொன்னார். கதிரையின் முறை வந்தபோது சூசைதாசனின் குரல் முதல்தடவையாகத் தளர்ந்தது. ஒருவரும் விலை கேட்கவில்லை. லூர்த்தம்மா எழும்பவுமில்லை.

கடைசியில், தோடு எடுத்த காதில் வேப்பங்குச்சி செருகியிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். கோப்பாயில் புகையிலைத் தோட்டக்காரரான மார்க்கண்டுவின் விதவை, நல்லம்மா. ஒரே மகன் கனடாவுக்குப் போய், வழியில் எங்கேயோ தவறி, மூன்று வருடமாகக் கடிதமில்லை. அவள் கையிலிருந்த இரண்டு காப்பையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கதைக்கமாட்டா, தங்கச்சி" என்றார் செபநாயகம். மறைக்கக்கூடாது என்று நினைத்தார்.

"பரவாயில்லை அண்ணை. பின்னேரத்திலை வீட்டுக்குள்ளை ஒரு ஆள் இருந்தால் எனக்குக் காணும்."

கதிரை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் ஏறிக் கோப்பாய்க்குப் போனது. ஸ்ரெல்லா ஒழுங்கை முடியும்வரை கூடவே நடந்தாள். மூச்சு முட்டி நின்ற இடத்தில் நின்றபடி கையைக் காட்டினாள். தாய் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு கிழமைக்குப் பிறகு ஸ்ரெல்லாவும் ஒரு மாமியோடு கொழும்புக்குப் போக, கடனீரேரியைக் கடக்கக் கிளாலியில் வள்ளமேறினாள். தகப்பனுக்கு ஊரைவிட்டு வெளியேறும் பாஸ் கிடைக்கவில்லை.

செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் கடிதம் வர மூன்று மாதம் எடுத்தது. வெட்டிய நாலாம் நாள் ஸ்ரெல்லா இறந்துவிட்டாள் என்று மாமி எழுதியிருந்தார். செபநாயகம் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கோப்பாய்க்குப் போய், கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்து, ஒரு வரி விடாமல் வாசித்தார். லூர்த்தம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நாற்பது நாள் திருப்பவேயில்லை. கழுத்து நோகுமே என்று நல்லம்மா கதிரையையே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். நாற்பத்தோராம் நாள் வந்த செபநாயகத்திடம் அவள் சொன்னாள்:

"காப்பு எனக்கு வேண்டாம் அண்ணை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"வேண்டாம் தங்கச்சி. பிள்ளையின்ரை உயிருக்கெண்டு வித்தனான். திருப்பி எடுத்தால் அவளுக்கு நான் ஒண்டுமே செய்யேல்லை எண்டாகிப்போம்."

அதற்குப் பிறகு அவர் நாள்தோறும் பின்னேரம் வந்தார். அவருக்கு ஒரு சாக்கு விரித்திருக்கும், பனங்கட்டியோடு தேத்தண்ணி இருக்கும். மூவரும் இருப்பார்கள். நல்லம்மா வெங்காயம் பிடி கட்டுவாள், செபநாயகம் கரைச் செய்தி சொல்லுவார். ஊர் கொஞ்சம் கதைத்தது. பெண்சாதியைப் பார்க்க வருகிற மனுசனை என்னவென்று சொல்வது என்று ஊரும் விட்டுவிட்டது. இப்படி மூன்று வருடம் போனது.

1995 ஐப்பசிக் கடைசியில், ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் உடனே பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. செபநாயகம் தன் வீட்டைப் பூட்டாமலே கோப்பாய்க்கு வந்தார். கதிரையைச் சைக்கிள் கரியரில் கயிற்றால் கட்டி, அவர் ஹான்டிலைப் பிடிக்க, நல்லம்மா பின்னாலிருந்து லூர்த்தம்மா சரியாமல் தாங்கிக்கொண்டாள். மழை. சனம் ஒருவரில் ஒருவர் முட்டி, காலடி காலடியாக நகர்ந்தது. செம்மணி வெளி தாண்டவே ஒரு இரவு போனது. இறந்தவரைக் கதிரையில் வைத்துத் தள்ளுவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்களால் விட்டுவர முடியாததைத்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

விடிந்து, நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது, பிள்ளை பெற்று இரண்டு நாளான ஒரு பெண் சேற்றுக்குள் முழங்காலில் விழுந்தாள். சாரத்தில் சுற்றிய குழந்தையை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். அவளுடைய புருசனால் இரண்டு பேரையும் தூக்க முடியவில்லை. அப்போது லூர்த்தம்மா சைக்கிளிலிருந்து இறங்கினார். சீலையின் சுருக்கத்தைத் தட்டினார்.

"இதிலை இரு பிள்ளை" என்றார். பதினொரு வருடத்தில் அவர் சொன்ன முதல் சொல்.

அந்தப் பெண் இருந்தாள். செபநாயகம் சைக்கிளை அவளுடைய புருசனின் கையில் கொடுத்தார். பாலத்தில் நெரிசல் அதை முன்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. நல்லம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, வெறுங்காலோடை நடக்கிறியள்" என்று தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். மூவரும் நடந்தார்கள்.  பாலம் முடிந்ததும் லூர்த்தம்மா கேட்டார்:

"பிள்ளையை எங்கை அடக்கினவை?"

"கொழும்பிலை. கனத்தைச் சேமக்காலையிலை."

"தனியவோ?"

"ஓம்" என்றார் செபநாயகம்.

லூர்த்தம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. நாலாம் நாள் நிவாரணத்துக்குப் பதிய வந்த விதானையாரிடம் மூன்று பேர் என்றார் செபநாயகம். லூர்த்தம்மாவின் வயதைக் கேட்டபோது நாற்பத்தாறு என்று சொல்லி, 1984இல் இறந்தவர் என்பதையும் சொன்னார். விதானையார் பின்னால் நீண்டுகிடந்த வரிசையைப் பார்த்தார். பசிக்குமோ என்று மட்டும் கேட்டார். இப்ப கொஞ்ச நாளாய்ப் பசிக்குது என்றார் லூர்த்தம்மா. மூன்று பேருக்கும் கோதுமை மா அளந்து கொடுத்தார்கள். அதை அவரே சீலைத் தலைப்பில் வாங்கிக்கொண்டு, விறகு பொறுக்கப் போனார்.