மாதாவுக்குச் சொன்ன சேலை

சுனிதாவைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியாயிற்று. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் கூடம் எங்கே பெரிசு? பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் வாசலில் நின்றார்கள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை மணப்பெண்ணாக உடுத்தித்தான் கல்லறைக்கு அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். அதனால் சுனிதாவின் அத்தை தாயம்மா பீரோவைத் திறந்து கல்யாணச் சேலையை வெளியே எடுத்தாள். மாப்பிள்ளையாக வரவிருந்த டென்சில் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த வெள்ளைப் பட்டு.

"அத வைங்க அண்ணி," என்றாள் பெற்றவள் அமலா. "அது மாதாவுக்குச் சொன்னது."

"இன்னாமே பேசுறே? பொண்ணு பொழைக்கணும்னுதானே வேண்டிக்கின? மாதா குடுத்தாளா? குடுக்கலியே! அப்புறம் இன்னா நேர்த்திக்கடன்?"

"நான் சொல்லல அண்ணி. அவ சொன்னது."

எலும்பில் புற்றுநோய். பெங்களூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய பிறகு சுனிதா கத்திய கத்தலுக்குத் தெருவே தூங்கவில்லை. அமலா உயிரைக் கொடு, உயிரைக் கொடு என்று மாதாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையில் பெண் தெளிந்த முகத்தோடு கண்விழித்தது.

"ம்மா, நல்லாத் தூங்கினேம்மா. ஒரு ராத்திரி வலியில்லாம தூங்கணும்னு வேண்டிக்கினேன். மாதா குடுத்துட்டா. என் கல்யாணச் சேலைய பண்டிகைக்கு அவளுக்குச் சாத்திடு. மறந்துடாத."

பைத்தியக்காரி அமலா, சுகம் வந்துவிட்டதென்று நினைத்தாள்! சத்தியமாகச் சாத்துகிறேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சொன்னாள். டென்சிலுக்கு போன் போட்டாள், பால் பாயசம் வைத்தாள். பாயசம் ஆறுவதற்குள் பெண் போய்விட்டது.

"பெத்தவளா இவ? கல்நெஞ்சுக்காரி," என்றது ஒரு குரல். அமலாவுக்கு மட்டும் ஆசையில்லையா? அந்தச் சேலையில் மகளை ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்றுதான் அவளும் தவித்தாள். ஆனால் சொன்ன சொல் மகளுடையது. அவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

டென்சில் உள்ளே வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவளே சொன்னாளா அத்தே?"

"அவளேதான் சொன்னா சாமி."

அவன் தாயம்மாவின் கையிலிருந்து சேலையை வாங்கி, பீரோவில் வைத்து, கதவைச் சாத்தினான். சுனிதா ஞாயிறு பூசைக்குக் கட்டும் பழைய நீலச் சேலையோடு போனாள்.

செப்டம்பரில் பண்டிகை வந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் அமலா கோயிலுக்குச் சேலையைக் கொண்டுபோனாள். மாதாவுக்கு எப்போதும் சேலை கட்டும் பெண்கள், அவளே கட்டட்டும் என்று விலகி நின்றார்கள். அவள் கொசுவம் மடித்தாள், தோளில் ஊக்கு குத்தினாள்.

"நான் உசுரக் கேட்டேன், அவ தூக்கத்தக் கேட்டா," என்றாள் மாதாவின் முகத்தைப் பார்த்து. "நீ அவ பேச்சத்தான் கேட்ட. இருக்கட்டும். இந்தா, உனக்குச் சொன்னது."

மாதாவின் காலடியில் சேலை மிச்சமாகப் புரண்டது. இடுப்பில் இழுத்துச் செருகினாள். மறுபடியும் புரண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்துச் செருகப் போனவள் அப்படியே பீடத்தில் தலையை முட்டிக்கொண்டு கதறிவிட்டாள்.

"எம்பொண்ணு உன்னவிட ஒசரம் மாதாவே. எம்பொண்ணு ஒசரம்."