யார் வைத்த தாளம்

கீபோர்டில் விரலை வைத்தால் போதும், அதுவே வாசித்துக்கொள்ளும் என்று ஏகநாதன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பாகூர்ப் பக்கத்தில் நான் வாசிக்கிற இன்னிசைக் குழுவை நடத்துகிறவர் அவர். அதுவே வாசிக்குமாம். கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய தாளத்தில் அம்மன் பாட்டை வாசித்தால் கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருக்கும். நான்தான் பம்பையையும் உடுக்கையையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, உள்ளே ஏற்றி, மூன்று மாதம் உட்கார்ந்து, பட்டனைத் தட்டினால் ஓடும் தாளக்கட்டாக ஒரு ஸ்டைல் செய்தேன். முடிவுப் பகுதியை மட்டும் காலியாக விட்டேன். அருள் வந்து ஆடுகிறவர் மலையேறும் வரை தாளம் நிற்கக் கூடாது. அவர் காலைப் பார்த்துப் பார்த்து, கையால் மெல்ல இறக்க வேண்டும். இது எந்தப் பட்டனுக்கும் தெரியாது.

இந்த ஆடி மாதம் அம்மன் கோயில் செடல் திருவிழாவுக்குக் கட்டிய பேனரில் கீபோர்டு என்ற இடத்தில் ஏகநாதனின் தங்கை மகன் சுரேஷின் படம். ஆறு வருஷம் வாசித்த என் பெயர் எங்குமில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நம்பிக் கொடுத்துவைத்த பென்டிரைவிலிருந்து என் ஸ்டைலை அவனுடைய கீபோர்டில் ஏற்றியிருந்தார்கள். ஏகநாதனிடம் போய்க் கேட்டேன்.

"பட்டன அமுக்குறதுக்கு யாரா இருந்தா இன்னாம்மா?" என்றார்.

செடல் அன்று உச்சி வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். என் தாளம் கிளம்பியது. எங்கள் தெருக் கனகாம்பாள்மேல் அம்மன் வந்தது. ஆட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பாட்டு முடிந்துவிட்டதென்று சுரேஷ் எண்டிங் பட்டனை அமுக்கினான். நான் காலியாக விட்ட இடம் அது. பொசுக்கென்று எல்லாம் அடங்கிப்போனது.

கனகாம்பாள் ஆடிய ஆட்டத்தை நிறுத்தி, மேடையை முறைத்தாள். சுரேஷ் கண்ட பட்டனையெல்லாம் அமுக்க, டிஸ்கோ அடி ஒன்று கேட்டது. ஏகநாதன் என்னைத் தேடி ஓடிவந்தார்.

மேடையேறினேன். கீபோர்டைத் தொடவில்லை. இது யார் செய்த தாளம் என்று மைக்கில் சொன்னால்தான் வாசிப்பேன் என்றேன். சாமி காத்திருக்கிறது, இவளுக்குப் பேர் கேட்கிறதா என்று நாலு பேர் திட்டினார்கள். திட்டட்டும். ஏகநாதன் மைக்கை வாங்கி, நம் குழுவின் உழைப்பில் உருவான தாளம் என்று ஆரம்பித்தார்.

கீழேயிருந்து கனகாம்பாளின் குரல் வந்தது.

"பேரச் சொல்லுடா."

ஏகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அருள்மொழி, தாயே. அருள்மொழி செஞ்சது."

அப்புறம்தான் நான் கீபோர்டில் கை வைத்தேன்.