ஆறாவது கண்டன்சர்

நல்லகாமனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனாலும் கம்ப்யூட்டர் ஏன் செத்துப்போனது என்று கண்டுபிடித்தவன் அவன்தான். பெட்டியைத் திறந்து மதர்போர்டில் விரலை ஓட்டினான். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி டப்பாக்களாய் வரிசையில் நின்ற ஆறு கண்டன்சர்களும் தலை உப்பிக் கிடந்தன.

"மீனா, இது ஆறையும் மாத்தணும்" என்றான் மனைவியிடம்.

எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் கார்டு ஒன்று அந்தப் பழைய பெட்டியில் இருந்தது. புது மெஷினில் அது ஏறாது. இங்கிலீஷ் எம்.ஏ. பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள். பாடம் அம்புட்டும் அதற்குள்தான். பாஸானால் வாத்தியார் வேலைக்கு எழுதிப்போடலாம்.

வில்லாபுரத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் டி.வி. மெக்கானிக் கிரிதரன் குடியிருந்தார். புதுக் கண்டன்சர்களை அவர் கொடுத்தார். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க மீனா போதும். கல்யாணத்துக்கு முன் கப்பலூரில் ஒரு ரேடியோ கம்பெனியில் மூன்று வருஷம் ஈயம் பிடித்த கை அது. வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ், திருப்பி வைத்தால் வெடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அந்தக் கார்டு வருவதற்கு முன்பு அவள்தான் அவனுக்கு வாசிப்பாள். பிளஸ் டூ இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித் தப்பும் தவறுமாக வாசிக்க, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது ஒரு வருஷமாகக் காதில் ஹெட்போன். சோற்றைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரு 'ம்' தான். மெஷினோடு சக்களத்திச் சண்டை போடுகிறாள் என்று ஊர் சிரிக்காதா? மனசுக்குள்ளேயே வெந்தாள்.

ஐந்தை ஒழுங்காகப் போட்டாள். ஆறாவதை எடுத்தபோது எந்தச் சனியன் புகுந்ததோ, வெள்ளைக் கோட்டுப் பக்கத்தைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டாள். தெரிந்தேதான். போய்த் தொலையட்டும், பத்து நாளும் நானே வாசிக்கிறேன் என்று நினைத்தாள்.

நல்லகாமன் பெட்டிக்குள் கையை விட்டுக் கண்டன்சர்கள் மேல் விரல்களைப் பரப்பினான்.

"சூடாகுதான்னு பாக்குறேன். நீ சுவிட்சப் போடு."

அய்யோ, இதை அவள் நினைக்கவே இல்லையே! அந்த விரல்களை விட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

"கைய எடுங்க! எடுங்கங்கிறேன்ல!"

"ஏன், என்னாச்சு?"

"ஆறாவது திருப்பி இருக்கு."

"தெரியாமப் போட்டுட்டியா?"

பாவி மனுஷன், தப்பிக்க வழியையும் அவனே காட்டினான். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தெரிஞ்சேதான் போட்டேன். இது போயிட்டா என்னைய வாசிக்கச் சொல்லுவீகன்னு..."

அவன் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மீனா கண்ணைத் துடைத்துத் துடைத்து அதைக் கழற்றினாள். சரியாக வைத்து மறுபடி பற்றவைத்தாள்.

"இப்ப சரியா இருக்குங்க."

நல்லகாமன் கையை மடியிலேயே வைத்திருந்தான்.

"கிரிதரண்ணே இருக்காரான்னு பாரு" என்றான். குரலில் கோபமே இல்லை. "அவரு ஒருவாட்டி பாத்துச் சொல்லட்டும்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், அவள் பார்த்துச் சொன்ன எதையும் அவன் இன்னொருவரிடம் கேட்டதில்லை. மீனா எழுந்து மாடிப்படி ஏறினாள்.