அறுத்த நாணல்

ஏரியின் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. ஏரிக்கரை நாணலைப் பராமரிப்பது அவர் மனைவியின் வேலை. ஒரே துறை, அடுத்தடுத்த அறை. இவரை ஷட்டர்காரர் என்பார்கள், அவளை நாணலம்மா என்பார்கள். வீட்டிலும் தண்ணீர் மட்டம் அந்தம்மா சொன்னபடிதான் என்று அலுவலகத்தில் கேலி வேறு.

ஒரு காலத்தில் கரை முழுக்க ஆளை மறைக்கும் நாணல். படகு விடுதிகள் வந்த பிறகு வருஷம் முழுக்க ஏரி தளும்பியே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. நாணல் வேரோடு அழுகியது. தடுக்க ஆளில்லாமல் அலை கரையைத் தின்றது. கடைசியில் மேடான வடக்கு மூலையில் ஒரே ஒரு நாணல் படுகை மிஞ்சியது. அதிலும் காய்ந்த தட்டைகள் அடைத்துக்கொண்டு, குருத்துக்கு வெளிச்சமில்லை.

அடியோடு அறுத்துவிட்டால் புதுக்குருத்து செழித்து வரும் என்றாள் நாணலம்மா. ஆனால் ஒரு ஆபத்து. அறுத்த தட்டையின் துளை வழியாகத்தான் வேருக்குக் காற்று இறங்கும். குருத்து தலைதூக்கும்வரை தட்டை மூழ்கினால் எல்லாம் போச்சு.

"மட்டம் ஏறாதுன்னு நீங்க சொன்னாதான் அறுப்பேன்."

"நான் இருக்கிற வரைக்கும் ஏறாது. நீ அறு."

அறுத்தாள். பிறகு மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனாள்.

அவள் போன சில நாளில் மேலதிகாரி கூப்பிட்டார். புதுப் படகுத்துறைக்குத் திறப்பு விழா; பெரிய படகு தரைதட்டுகிறது; மதகை அடைக்க வேண்டும். ஷட்டர்காரர் நாணலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். புல்தானே, மறுபடி முளைக்கும் என்று பதில் வந்தது. விழா முடிந்ததும் மட்டத்தை இறக்கிவிடலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு அடைத்தார்.

தினமும் போனில் பேரக்குழந்தையின் அழுகையைக் கேட்டுச் சிரித்தார். படுகை எப்படி என்று அவள் கேட்டால், அப்படியேதான் இருக்கிறது என்றார். விழா முடிந்தது. இறக்க அனுமதி வரவில்லை. ஒருநாள் யாரையும் கேட்காமல் மதகைத் தூக்கினார். தண்ணீர் ஒரு சாண் இறங்குவதற்குள் விடுதிக்காரர்கள் கூடிவிட்டார்கள். மதகை மறுபடி அடைத்து, அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

செய்தி எட்டி அவள் திரும்பி வந்தாள். பெட்டியோடு நேரே கரைக்குப் போனாள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, கைக்கு எட்டிய தட்டையை இழுத்தாள். முரண்டு பிடிக்காமல் வந்தது. வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. இன்னொன்று இழுத்தாள், அதற்கப்பால் இன்னொன்று. பின்னாலேயே ஓடிவந்த அவர் கரையில் நின்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பச்சைப்பிள்ளையை விட்டுட்டு ஓடி வந்திருப்ப."

"வந்திருப்பேன்," என்றாள். "வந்திருப்பேன்ல?"

அவர் கரையில் கிடந்த அவள் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் கூடு கட்ட வந்த குருவிகள் வடக்கு மூலையில் வட்டமடித்துவிட்டு எங்கோ போய்விட்டன. நாணலே இல்லாத ஏரிக்கு நாணலம்மா எதற்கு என்று துறை அவளை வேறு பிரிவுக்கு மாற்றியது. கரைக்குச் சிமெண்ட் சுவர் எழுப்பும் பிரிவு. மறுக்க முடியவில்லை, இப்போது வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

பகலெல்லாம் ஜல்லி லாரிகளை எண்ணிவிட்டு வருவாள். அவர் சமைத்து வைத்திருப்பார். சாப்பிடுவாள். உப்பு கூட, குறைய என்றுகூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.