பலகையில் பாராடாங்

என் மகள் சபா கணக்கில் ஃபெயில் என்று சொன்னால் அந்தமானில் எங்கள் பாராடாங் தீவில் நாய்கூட நம்பாது. படகு வந்து நிற்கிற ஜெட்டியோரத்தில் எங்கள் கடை. நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் அவள் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவாள். அவளுக்குப் போய் இருபத்திரண்டு மார்க்காம், முதல் பரீட்சையில் மட்டுமல்ல, இரண்டாவதிலும். மூன்றாவதிலும் தோற்றால் சீட்டு போய்விடும் என்று ஹாஸ்டல் வார்டன் போனில் சொன்னாள்.

சும்மா கிடைத்த சீட்டா அது? போர்ட் பிளேரில் ஷாதிபூர் பக்கம், எல்லாத் தீவுகளிலிருந்தும் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிற அரசாங்க நடுநிலைப் பள்ளி. ஒவ்வொரு தீவுக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. ஆறாம் வகுப்பில் பாராடாங்குக்கு ஒரே ஒரு இடம். அதுவும் முதலில் பக்கத்து வீட்டு இந்திராணியக்கா மகன் அஸ்வினுக்குத்தான் கிடைத்தது. சீருடை தைத்து வந்த வாரம் அவன் மூளைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அடுத்தபடியாக நின்றவள் சபா. அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மார்க்கைவிட வேறொன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. பெருநாள் லீவுக்கு வந்தவள் தட்டில் வைத்த மீனைத் தள்ளி வைத்தாள். மீன் இல்லாமல் ஒரு கவளம் இறங்காத பிள்ளை.

"எனக்கு ஆகாது உம்மா. முள்ளு சிக்கிக்கும்" என்றாள்.

அப்படிச் சொல்வது அஸ்வின். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து மீன் என்றாலே ஓடுவான். அவனுக்கு இந்தி என்றால் உயிர், கணக்கு என்றால் அழுகை. சபாவோ இப்போது இந்தியில் வகுப்பிலேயே முதல்.

"அந்தப் பய எம் பிள்ளை மேல எறங்கிட்டான் மச்சான்" என்று அழுதேன்.

"அரே, சும்மா இரு ஜன்னத்து! ஹாஸ்டல் சோறு ஒத்துக்கலை, வேற குச் நஹி" என்றார் என் வீட்டுக்காரர் அன்வர். அந்த மனுஷனுக்கு எல்லாமே குச் நஹிதான், எதுவுமே ஒன்றுமில்லைதான். சீட்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், பிள்ளை பிள்ளையாக இருந்தால் போதும் என்று, பெற்றோர் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமையில் காட்டு வழியே போலீஸ் காவலோடு வரிசையாகப் போகிற கான்வாயில் முதல் பஸ்ஸைப் பிடித்து அவளைக் கூட்டிவரக் கிளம்பினேன்.

பள்ளி வராந்தாவில் ஆறாம் வகுப்புக்கென்று ஒரு பெரிய பலகை. பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று பெரிய டீச்சர் அதில் யார் பெயரையும் போடுவதில்லை. டிக்லிப்பூர் இத்தனை, கார் நிக்கோபார் இத்தனை என்று தீவுவாரியாகத்தான் மார்க். மற்ற தீவுகளுக்கு அது நாலைந்து பிள்ளைகளின் சராசரி. பாராடாங்குக்கு மட்டும் ஒரே பிள்ளை.

பலகைக்கு முன்னால் இந்திராணியக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குச்சட்டி. பாராடாங் என்ற எழுத்தை விரலால் தடவி, "இந்தி தொண்ணூத்தி நாலு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். போர்ட் பிளேரிலேயே சாத்தம் பக்கம் தம்பி வீட்டில் தங்கி, மாதம் தவறாமல் வருகிறாராம். எனக்கு இது தெரியவே தெரியாது.

சபா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். இந்திராணியக்காவைப் பார்த்து "அம்மா!" என்றாள். என்னை அவள் கூப்பிடுவது உம்மா என்று.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்க்கா, எம் பிள்ளைகிட்ட ஒங்களுக்கு என்ன வேலை? செத்தவனை இவ தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"கத்தாத உம்மா" என்று சபா குறுக்கே வந்தாள். அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போனேன்.

"கணக்கு தெரியலையாடி ஒனக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன் சரியா எழுதல?"

"அவனுக்கு வராதே உம்மா." ஏதோ எனக்குத்தான் புத்தியில்லை என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "பலகையில பாராடாங்னுதான் போடுவாங்க. அம்மா அதை அவன் மார்க்குன்னுதான் பாப்பாங்க. கணக்குல நூறு இருந்தா, இது அவன் இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல?"

என் கோபமெல்லாம் எங்கே போனதோ. பேயென்றால் ஓதிப் பார்க்கலாம், இதற்கு என்ன ஓதுவது? ஊருக்குக் கூட்டிப்போகத்தான் வந்தேன். ஆனால் கணக்குத் தெரிந்தே தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டதும் என் மனசு மாறிவிட்டது. என் பிள்ளை உழைத்து வாங்கிய சீட்டை நான் ஏன் விட வேண்டும்?

இந்திராணியக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது ஜன்னத்து. நான் சோறு கொண்டாந்து குடுத்தேன், அவ்வளவுதான்."

"தெரியும்க்கா. இப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இல்லன்னா இவ சீட்டு போயிரும்."

"போயிருச்சுன்னா பலகையில பாராடாங் இருக்காதா?"

"இருக்காது."

இந்திராணியக்கா பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சபாவைக் கூப்பிட்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். அவன் இல்லை, நீ உனக்காக எழுது என்று சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"இங்க கணக்கு சார் நல்லா சொல்லித் தர்றாராமே பாப்பா" என்றார் இந்திராணியக்கா. "அவன் இருந்திருந்தா இதுக்குள்ள கத்துக்கிட்டிருப்பான்."

சபா முகம் மலர்ந்துவிட்டது. இனியும் அவள் அவனுக்காகத்தான் எழுதப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. தடுத்திருக்கலாம். சீட்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது பரீட்சை முடிந்து நான் பள்ளிக்குப் போனபோது பலகையில் பாராடாங்குக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு. எந்தத் தீவுக்கும் அவ்வளவு இல்லை. சீட்டு நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எம் மக! எம் மக வாங்கினது!" என்று வராந்தாவே அதிரக் கத்தி அவளைக் கட்டிக்கொண்டேன்.

சபா மெதுவாக என் கையை விலக்கினாள்.

"சத்தம் போடாத உம்மா. அம்மா இப்ப வந்துருவாங்க. அவங்ககிட்ட அவன்தான் மொதல்ல சொல்லணும்."

கேட்டில் இந்திராணியக்காவின் தலை தெரிந்தது. என் மகள் அவரை நோக்கி ஓடினாள். நான் கூப்பிடவில்லை. எந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.